நிலைகொள்ளல் மண்டகப்படி

அகில உலக இளைஞர் நல்லுறவுப் பேரவையின் போடிக் கிளையில் இளைஞர்கள் கிடையாது. சேர்த்தால் கூட்டத்துக்கு ஒழுங்காக வரமாட்டார்கள் என்பது தலைவர் சுருளிவேலின் கருத்து. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, ஏலக்காய் வியாபாரம். செயலாளர் ஜோசுவா மிளகு, கிராம்பு மொத்த வியாபாரி. தலைவரைவிட மூத்தவர், அந்தக் குறை அவருக்கு எப்போதும் உண்டு. மற்ற உறுப்பினர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

வருடத்துக்கு ஒரு வெளிநாட்டு இளைஞரைப் பயிற்சிக்கு வரவழைக்க வேண்டும் என்று மேலிடம் எழுதிக்கொண்டே இருந்தது. வரவழைக்காத கிளையின் தலைவருக்கு மாநாட்டு மேடையில் நாற்காலி கிடையாது என்று கடைசிக் கடிதத்தில் ஒரு வரி வந்தது. அன்றைக்கே சுருளிவேல் ஒரு பையனைக் கேட்டு எழுதச் சொன்னார்.

எழுதியவன் அருள்பாண்டி. பக்கத்துச் சிலமலை ஊர்க்காரன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, சுருளிவேலின் கடையில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு, போடியிலேயே வாடகை வீட்டில் இருந்தான். போன ஐப்பசியில் அவன் மனைவி முத்துப்பிரியா காய்ச்சலில் இறந்துபோனாள். அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பேரவைக்கு இந்தக் குணம் பிடித்திருந்தது.

"பையன் உன் வீட்டுலயே தங்கட்டும்டா," என்றார் சுருளிவேல். "நீயும் ஒத்தையில கெடக்க. ஒரு மாறுதலா இருக்கும். பேரவையில 'உற்ற தோழர்'னு ஒரு பதவி இருக்கு. அதை உனக்குத் தர்றோம்."

"சரிங்கய்யா."

லித்துவேனியாவிலிருந்து தோமஸ் என்ற பையன் ஆடி மாதத்தில் ஒரு காலை மதுரை ரயிலில் வந்து இறங்கினான். விவசாயக் கல்லூரி மாணவன். மலையில் பறிக்கிற பச்சை ஏலக்காயை 'ஸ்டோர்' என்கிற சூட்டறையில் விறகெரித்துத்தான் உலர்த்துவார்கள். அந்த விறகைக் குறைக்க வழி உண்டா என்று பார்ப்பது அவன் வேலை. முதல் வாரம் போடியில் ஊர் பழகுவது, அதற்குப் பேரவை வைத்த பெயர் 'நிலைகொள்ளல்'. பிறகு ஐந்து வாரம் குரங்கணி மலைமேல் ராக்கையா என்பவரின் ஏலத்தோட்டத்தில் வேலை. கல்லூரிக்கு அனுப்பிய ஏற்பாடு இதுதான்.

ஸ்டேஷனில் மேளம் நின்றது. வாழைக்கன்று கட்டிய ஜீப் நின்றது. சுருளிவேல் மாலை போட்டார், பொன்னாடை போர்த்தினார், அப்புறம் கையை நீட்டி, "பாஸ்போர்ட்," என்றார். தோமஸ் கொடுத்தான். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைக்குப் போன கையோடு குங்குமப் பொட்டு வைத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"வெளிநாட்டுச் சொத்து," என்றார். "தொலைஞ்சா போடிக்கே கேவலம்."

அன்று மாலை பேரவை மண்டபத்தில் வரவேற்புக் கூட்டம். சுருளிவேல் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வந்த பையனை உடனே வேலைக்கு அனுப்புகிறவன் மேஸ்திரி. வந்த பையனை நிலைகொள்ளச் செய்கிறவன் தலைவன். நான் இதுவரை எந்த நாட்டுக்கும் போனதில்லை. போகாமலே உலகத்தை என் வாசலுக்கு வரவழைத்திருக்கிறேன். இதில் யார் பெரியவர் என்பதை நீங்களே சொல்லுங்கள்."

சொன்னார்கள். கைதட்டல் அடங்கியதும் ஜோசுவா எழுந்து, ஏழு நாளும் ஏழு உறுப்பினர் வீட்டில் பையனுக்கு விருந்து என்றார். திருவிழாவில் சாமி நாளுக்கொரு மண்டகப்படியில் இறங்கி மரியாதை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். 'மண்டகப்படி' என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சொன்னதும் கூட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜோசுவா கிறிஸ்தவர். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. முதல் நாள் தனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"பையன் பேரே தோமா. எங்காளு. மொத மரியாதை எங்க வீட்டுல."

"பேரு ஒங்களுது. கடுதாசி எழுதி வரவழைச்சது யாரு?" என்றார் சுருளிவேல்.

முதல் நாள் தலைவருக்கு, இரண்டாம் நாள் இரட்டை மேளத்தோடு செயலாளருக்கு என்று முடிவானது. மீதி ஐந்து நாளுக்குப் பதினைந்து உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். யாரையும் விட முடியாது. எனவே நிலைகொள்ளல் காலத்தை நீட்டினார்கள். அப்புறம் உறுப்பினர்களின் சம்பந்திகள் கேட்டார்கள். அவர்களையும் விட முடியாது.

தோமஸ் மேடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "என்ன முடிவு செய்தார்கள்?" என்று அருள்பாண்டியிடம் கேட்டான்.

"நீ சாப்பிட வேண்டும்."

தினமும் காலையில் ஜீப் வரும். ஓட்டுகிறவர் சோலைமலை, வாய் ஓயாத மனிதர். தோமஸ் மாலையோடு முன்சீட்டில் உட்கார வேண்டும். மேளம் முன்னால் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஆரத்தி, பொன்னாடை, தலைவாழை இலை, மூன்று பாயசம். ஒரு வீட்டில் புதுக் கிரைண்டரை அவன் கையால் ஓட விடச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கச் சொன்னார்கள். அவன் தன் நாட்டுப் பேர் ஒன்றைச் சொல்ல, வாங்கிக்கொண்டு, பிறகு வேறு பேர் வைத்தார்கள். ஒரு காதுகுத்தில் தாய்மாமன் மடிக்குப் பதில் தோமஸ் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். தாய்மாமன் பந்தியிலிருந்து எழுந்து போனவர்தான், இன்னும் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை.

"இன்று வேலை உண்டா?" என்று காலையில் எழுந்ததும் தோமஸ் கேட்பான்.

"இல்லை. இன்று இரும்புக்கடைக்காரர் வீடு."

மூன்றாவது வாரம் தோமஸ் நேராகத் தலைவரிடமே கேட்டுவிட்டான். அருள்பாண்டி மொழிபெயர்த்தான். சுருளிவேல் நெகிழ்ந்துபோனார். மறுநாள் மண்டபத்துக்கு ஒரு தொட்டியில் ஏலச்செடி வந்தது.

"மலைக்குப் போனா அட்டை கடிக்கும். நாளைக்கு அவங்க தூதரகம் என்னையக் கேக்கும்," என்றார். "அதான் மலைய எறக்கிக் கொண்டாந்துட்டேன்."

தோமஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். படம் எடுத்தார்கள். அவன் செடியைப் பார்ப்பது போல் ஒன்று, செடியை விட்டுவிட்டுச் சுருளிவேலைப் பார்ப்பது போல் ஒன்று. 'களப்பயிற்சி சிறப்பாக நடைபெறுகிறது' என்ற வரியோடு மேலிடத்துக்குப் போனது இரண்டாவது படம்.

மண்டகப்படிக்காரர் ஒருவர் வீட்டில் தீட்டு வந்து ஒரு நாள் காலியானது. அருள்பாண்டி சோலைமலையைக் கூப்பிட்டு, தோமஸை ஏற்றிக்கொண்டு குரங்கணிக்குப் போனான். ராக்கையாவின் ஸ்டோர் மேலே, கல்லும் சேறுமான ஜீப்புப் பாதையின் முடிவில் இருந்தது. அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த மூக்கம்மாள் தோமஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏப்பு, ஊர்வலம் போற சாமி இதுதானா? கன்னத்துல பாரு, பூரா பாயசம்."

"வேலை செய்யணுமாம்க்கா," என்றான் அருள்பாண்டி.

"வேலையா? நெசமாவா? அப்படின்னா அந்தக் கட்டையத் தூக்கச் சொல்லு. மால மரியாத எல்லாம் எங்கிட்டக் கெடையாது."

தோமஸ் தூக்கினான். புகைபோக்கியின் நீளத்தை அளந்தான். அடுப்பு வாய்க்குள் தலையை விட்டுக் கரியோடு வெளியே வந்தான். மூக்கம்மாள் சிரித்த சிரிப்பில் காய் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கி வந்ததும் தோமஸ், இந்த ஊருக்கு வந்து முதல் முறையாகப் பசிக்கிறது என்று வீட்டு வாசலில் சொன்னான்.

விசாரணை மறுநாளே வந்தது. ஜோசுவா விசாரணை அதிகாரி.

"பயிற்சிக்கு வந்த பையன வேலை செய்ய விட்டதா உம்மேல புகார்."

"விட்டேங்க."

"நிலைகொள்ளாத பையன் வேலை செஞ்சா என்னாகும் தெரியுமா?"

"என்னாகும்ங்க?"

ஜோசுவா தலைவரைப் பார்த்தார். தலைவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "விதியில இல்லாதது ஆகும்," என்றார்.

தண்டனையாக, அருள்பாண்டியின் பதவியிலிருந்து 'உற்ற' என்ற சொல் ஒரு மாதத்துக்குப் பறிக்கப்பட்டது. அதுவரை அவன் வெறும் தோழர்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை தோமஸின் அக்கா போனில் கூப்பிட்டாள். அம்மா சமையலறையில் விழுந்துவிட்டார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, கண் திறக்கவில்லை. வருகிறவர்கள் உடனே வரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் விடிகாலை கொச்சியிலிருந்து விமானத்துக்கு அக்காவே டிக்கெட் போட்டிருந்தாள். போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாக இறங்க வேண்டும். மழைக்காலம். இருட்டுவதற்குள் கிளம்பினால்தான் உண்டு.

தோமஸ் பையைக் கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அருள்பாண்டி பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கக் கடைக்கு நடந்தான்.

சுருளிவேல் கேட்டுக்கொண்டார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். பிறகு, "கொடுக்க முடியாதேப்பா," என்றார்.

"என்னங்கய்யா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நிலைகொள்ளல் நிறைவு விழா. மேலிடத்துப் பொதுச்செயலாளர் கோயமுத்தூர்ல இருந்து வர்றாரு. நிலைகொண்ட பையன் இல்லாம நிலைகொள்ளல் விழாவா? அப்புறம் என்னத்தைக் காட்டுவேன்? தொட்டிச் செடியவா?"

"அவங்கம்மா பொழைக்கிறது கஷ்டம்கிறாங்க."

ஜோசுவா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். பயிற்சியாளர் குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் மட்டும் பாதியில் அனுப்பலாம்.

"ஒடம்பு சரியில்லைங்கிறது துக்கம் இல்ல," என்றார் சுருளிவேல். "அது கவலை. கவலைக்கு விதி கெடையாது. துக்கமா இருந்தா பேரவை பின்வாங்காது. இன்னைக்குச் சாயங்காலமே பாஸ்போர்ட்டு கையில. இரங்கல் கூட்டம், பிளக்ஸ், ஜீப்பு எல்லாம் நம்ம பொறுப்பு. என்னடா பாக்கிற? ஒனக்கே தெரியும். ஒனக்குச் செஞ்சோமா இல்லையா?"

"செஞ்சீங்க."

"அப்புறம் என்ன? போயி அவனச் சமாதானப்படுத்து."

அருள்பாண்டி வாசல் வரை போனான். கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. திரும்பி வந்தான்.

"செத்துட்டாங்களாம்."

இந்தச் சொல்லை ஏற்கெனவே ஒரு முறை, மாமனாருக்குப் போனில், சொல்லியிருக்கிறான். அன்று வந்தது போலவே இன்றும் லேசாக வந்தது.

சுருளிவேலின் முகம் தெளிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மனிதனின் முகம்.

"அடப்பாவமே," என்று எழுந்தார். "ஜோசுவா, மண்டபத்தத் தொறக்கச் சொல்லுங்க. அருளு, அந்தம்மா போட்டோ ஒண்ணு வெரசாக் கொண்டா."

அருள்பாண்டி வீட்டுக்குப் போய் தோமஸிடம் அம்மா படம் கேட்டான். எதற்கு என்று தோமஸ் கேட்டான். அவருக்காக ஒரு கூட்டம் வைக்கிறார்கள், அங்கேதான் பாஸ்போர்ட் தருவார்கள் என்றான் அருள்பாண்டி. அதில் பொய் எதுவும் இல்லை. காட்டில் கூடை நிறையக் காளான் பறித்து வைத்துக்கொண்டு சிரிக்கிற அம்மாவை தோமஸ் அனுப்பினான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டப வாசலில் பிளக்ஸ் நின்றது. அச்சகத்தில் காளான் கூடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே, அம்மா நடுவில், இரண்டு பக்கமும் அம்மாவைவிடப் பெரிதாகச் சுருளிவேலும் ஜோசுவாவும் கைகூப்பியபடி. மேடையில் அதே படத்துக்குச் சம்பங்கி மாலை. அதன் முன்னால் ஊதுபத்தி, ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே பாஸ்போர்ட்.

தோமஸ் உள்ளே வந்தான். மாலையைப் பார்த்தான். ஐந்து வாரமாகத் தினம் ஒரு மாலை வாங்கியவன்.

"அம்மாவுக்கும் போட்டிருக்கிறார்கள்," என்றான். கண் கலங்கிச் சிரித்தான். "நோயில் கிடப்பவருக்கும் மரியாதை செய்கிறீர்கள். நல்ல ஊர்."

அருள்பாண்டி வாசல் பக்கம் பார்த்தான். வெளியே ஜீப்பில் சோலைமலையை உட்கார வைத்திருந்தான். பையும் ஜீப்பில்தான்.

உறுப்பினர்கள் வரிசையாக வந்து தோமஸின் கையைப் பிடித்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிச் சிரித்தான்.

"அதிர்ச்சி," என்றார் ஜோசுவா. "இப்படித்தான் ஆகும். இவன் பொண்டாட்டி போனப்ப இவனும் கல்லு மாதிரித்தான நின்னான்."

"அம்மையாரை நான் பார்த்ததில்லை," என்று தொடங்கினார் சுருளிவேல். "பார்த்திருந்தால் என்னைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்ப விளக்கு அணைந்தது. வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட கை ஓய்ந்தது."

விளக்கும் கையும் முத்துப்பிரியாவின் இரங்கல் கூட்டத்தில் சொன்னவைதான். அவள் கல்யாணமாகி வந்த ஒரு வருடத்தில் சுருளிவேல் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அடுத்து தென்றலும் ரோஜாவும் வரும் என்று அருள்பாண்டிக்குத் தெரியும். வந்தன.

"அவர் மகனை எத்தனை இலையில் உட்கார வைத்தோம்! எந்த இலையிலாவது குறை உண்டா? பாயசம் மூன்றுக்குக் குறைந்ததுண்டா? அதை அறிந்துதான் அந்தத் தாய் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார். இப்படிப்பட்ட நிம்மதி எத்தனை தாய்மார்களுக்குக் கிடைக்கும்?"

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜோசுவா இரங்கல் தீர்மானத்தை எடுத்தார். அப்போது தோமஸின் கைப்பேசி அடித்தது.

அவன் காதில் வைத்தான். கேட்டான். எழுந்து நின்று கத்தினான். அவன் கத்தியது லித்துவேனிய மொழி. பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். அம்மா கண் திறந்துவிட்டார். என் பேரைச் சொல்லிக் கேட்கிறார். நாளை மாலை இன்னொரு அறுவை சிகிச்சை; அது எப்படிப் போகும் என்று சொல்ல முடியாதாம். நான் அதற்குள் போக வேண்டும்.

ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் தெரியாத பதினைந்து பேருக்குச் சொன்னார்கள். மண்டபம் சலசலத்தது. சுருளிவேல் அருள்பாண்டியை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"செத்துட்டாங்கன்னு சொன்ன?"

"சொன்னேங்க."

"இப்ப?"

"முழிச்சிருக்காங்க."

"பொய் சொல்லியிருக்க. என் கடையில நின்னு எங்கிட்டயே. நாளைக்குக் கடைக்கு வர்ற நெனப்பு இருக்கா ஒனக்கு?"

அருள்பாண்டி யோசித்தான். "இல்லைங்க," என்றான்.

அந்தப் பதிலைச் சுருளிவேல் எதிர்பார்க்கவில்லை. ஜோசுவா பக்கம் திரும்பினார். ஜோசுவா புத்தகத்தை விரித்தார். துக்கம் இல்லை என்றாகிவிட்டது. துக்கம் இல்லையென்றால் விதி பொருந்தாது. விதி பொருந்தாவிட்டால் பாஸ்போர்ட் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

"சொன்னாக் கேக்க மாட்டீங்களாய்யா?" என்றான் அருள்பாண்டி. "நாளைக்கு அந்தம்மா இருக்குமோ இருக்காதோ. பிள்ளை போயிப் பாக்கட்டும்."

"நாளைக்கு இல்லாமப் போனா நாளைக்குக் கொடுக்கிறோம்," என்றார் சுருளிவேல். "விதி அங்கேயேதான இருக்கப்போகுது?"

தாம்பாளத்தை எடுக்கப் போனவரை ஜோசுவா தடுத்தார். "இருங்க. போட்டோக்காரரு வந்திருக்காரு. மௌன அஞ்சலி படம் இல்லாமக் கூட்டம் நடந்துச்சுன்னு மேலிடத்துக்கு எப்படிச் சொல்றது? பிளக்ஸ் செலவு வேற."

"அவங்கதான் உசுரோட இருக்காங்களே?" என்றார் சுருளிவேல்.

"இருந்தா இருந்துட்டுப் போறாங்க. நாம அஞ்சலி செலுத்துறது நம்ம கடமை."

சுருளிவேல் இதில் இருந்த நியாயத்தை உடனே கண்டுகொண்டார். ஒலிபெருக்கிக்குப் போனார். "அம்மையாரின் ஆன்மா சாந்தியடைய இரண்டு நிமிடம்," என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் எழுந்தார்கள். தலைகள் குனிந்தன. கண்கள் மூடின. தோமஸ் மட்டும் ஒன்றும் புரியாமல், அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முத்துப்பிரியாவுக்காக இதே இடத்தில் இவர்கள் நின்றபோது அருள்பாண்டி கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. அதனால் அவனுக்குத் தெரியும்: இந்த இரண்டு நிமிடத்தில் இவர்கள் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்கள்.

மேடையில் ஏறினான். தாம்பாளத்தில் பூவை விலக்கி, பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். படத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான். பலகை கிரீச்சிட்டது.

சுருளிவேலின் ஒரு கண் திறந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது, அவன் சட்டைப் பையைப் பார்த்தது, காலித் தாம்பாளத்தைப் பார்த்தது. வாய் மெல்லத் திறந்தது. எதிரே போட்டோக்காரர் கேமராவை முகத்துக்கு உயர்த்திக்கொண்டிருந்தார். சுருளிவேல் வாயை மூடினார். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டு, தலையை முன்பைவிட நன்றாகத் தாழ்த்திக்கொண்டார்.

அருள்பாண்டி தோமஸின் தோளைத் தொட்டான். இருவரும் வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தார்கள். சோலைமலை பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"என்ன மாப்ளே, அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. இன்னும் ஒரு நிமிசம் பாக்கி இருக்கு. வெரசா எடுங்க."